பழைய மோட்டார் வண்டியும் எத்தனால் கலந்த பெட்ரோலும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நந்திதுர்க் முதலிய சுரங்கக் குடியிருப்புகளில் வாழ்வோரில் பலர் இன்று வேலைக்காக நாள்தோறும் இரயிலில் பெங்களூர் சென்று வருகின்றனர். இத்தகைய ஊரில் பழைய அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர், திருமணம் அல்லது மருத்துவமனை என்று தேவை நேரும்போதே அதனை வெளியில் எடுப்பார். அவ்வேளையில் இயந்திரம் கிளம்பிச் சிறிது தொலைவு ஓடித் திணறி நின்றுவிடும். உடனே கார்புரேட்டரின் திருகாணிகளைத் திருப்புவது பலருடைய வழக்கம். கோளாறு வேறிடத்தில் இருக்க, சரியாக இருந்ததும் இதனால் கெடுகிறது.

சோதனையைத் தொட்டியிலிருந்து தொடங்குதல் வேண்டும். தொட்டியின் மூடியில் காற்று புகுவதற்கு ஒரு நுண்ணிய துளை உண்டு. அது தூசியால் அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே அழுத்தம் தாழ்ந்து, பம்பினால் பெட்ரோலை இழுக்க இயலாது போகும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உட்புகுந்து, இயந்திரம் மீண்டும் ஓடுமானால், காசு செலவின்றியே நோய் தெரிந்துவிட்டது.

அடுத்தது பம்பு. குளிர்ந்த நிலையிலேயே இதைச் சோதிக்க வேண்டும். பொறி எழாதவாறு காயிலுக்குச் செல்லும் மெல்லிய மின்கம்பியைக் கழற்றி, அதன் முனையை நாடாவால் சுற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயை ஒரு புட்டியில் விட்டு இயந்திரத்தைச் சுழற்றிப் பார்க்கலாம். பெட்ரோல் விட்டுவிட்டு வலுவாகப் பீறிட்டால் பம்பு நலமே. குமிழிகள் வந்தால் உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று புகுகிறது.

எத்தனால் இங்குதான் குறுக்கிடுகிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் பெங்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. 2025-இல் அது நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் பழைய இரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் உப்பச் செய்து கெடுக்கிறது; தொட்டியில் படிந்த அழுக்கைக் கரைத்து வடிகட்டியை அடைக்கிறது. ஈரத்தையும் ஈர்த்துக் கொள்கிறது. நீர் ஓரளவுக்கு மேற்படின், எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனியே பிரிந்து நிற்கும். உறிஞ்சு குழாயின் வாயும் அங்கேதான் உள்ளது! மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு இதுவே பெருந்தொல்லை.

ஆசிரியர்கள் இதனை மாணவருக்குக் காட்டலாம். நெருப்போ மின்பொறியோ இல்லாத திறந்த வெளியில், 100 மில்லிலிட்டர் அளவுசாடியில் 80 மில்லிலிட்டர் பெட்ரோலும் 20 மில்லிலிட்டர் நீரும் இட்டு, மூடிக் குலுக்கி வைத்தால், அடிநீர் 20-இல் நில்லாது 30-ஐயும் தாண்டி உயரும். எத்தனால் நீரோடு சேர்ந்ததே காரணம்.

தங்கவயல் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலுள்ளது. காற்றழுத்தம் குறைவாதலால் அங்கே பெட்ரோல் சற்று எளிதில் ஆவியாகும். வெயிலில் ஓடி நின்ற வண்டி கிளம்ப மறுத்து, அரைமணி ஆறியபின் கிளம்புமாயின், குழாயில் ஆவி அடைத்ததென்று கொள்ளலாம். பம்பின்மேல் ஈரத்துணி இடுவது ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம், பயனுள்ளதே.

ஆயின் பெட்ரோல் நெடி வீசும் வண்டியில் எச்சோதனையும் செய்யலாகாது. கசியும் இரப்பர்க் குழாய்க்கு நேர் கீழே சூடேறிய புகைபோக்கி இருக்கக்கூடும். குழாயை மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் வகையையே கேட்டு வாங்குதல் வேண்டும்.