மின்சாரமும் இரசாயனத் தொழிலும்

சேக்காட்டை அடுத்த இருப்புப்பாதையில் மின்சார ரயில்கள் ஓடுவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். வண்டியை இழுக்கும் அம்மின்சாரமே பொருள்களைப் பிரிக்கவும் ஆக்கவும் வல்லது. உப்பு நீரினூடே அதனைச் செலுத்தின், காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் கிடைக்கும்.

இத்துறையை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தனர். 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார்.

ஆங்குள்ளோர் ஆராய்வது யாது? பாரடே வகுத்த விதிப்படி, விளையும் பொருளின் அளவு செலுத்தும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. அதனைக் குறைத்தல் இயலாது. வோல்ட் அளவிலேயே சிக்கனம் செய்தல் கூடும். முன்னர்க் குளோரின் தொட்டிகளில் கிராபைட் தகடுகள் இருந்தன. அவை சிறிது சிறிதாகக் கரியமில வாயுவாய்த் தேயத் தேய, இடைவெளி அகன்று வோல்ட் ஏறி, மின்சாரம் வீணாயிற்று. ருதீனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியத் தகடு அங்ஙனம் தேய்வதில்லை. இத்தகைய தகடுகளை நம் நாட்டிலேயே ஆக்கும் முறையைக் காரைக்குடி நிலையத்தார் வகுத்தனர்.

மின்சாரத்தால் ஆக்கினால் புகையே இல்லை என எண்ணுதல் தகுமோ? தகாது. உர அம்மோனியாவுக்கு வேண்டும் ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். இயற்கை எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற, ஏறத்தாழ 10 கிலோ கரியமில வாயு வெளிப்படும். நீரைப் பிரித்துப் பெறுவதற்கோ சுமார் 50 யூனிட் மின்சாரம் வேண்டும். நிலக்கரியால் பிறந்த மின்சாரமாயின், யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாக, 50 கிலோ கரியமில வாயு அனல்மின் நிலையத்தில் எழும். இங்கே புகையில்லை, அங்கே ஐந்து மடங்கு புகை! ஆரல்வாய்மொழிக் காற்றாலும் சூரியவொளியாலும் பிறந்த மின்சாரமாயின், அப்பழி பெரிதும் நீங்கும்.

ஆகவே, தூய மின்சாரம், அதனைச் சிக்கனமாய்ச் செலவிடும் தகடு ஆகிய இரண்டும் ஒருங்கே வேண்டும். நம் மாணவர் சோதனைச் சாலையில் நீரைப் பிரிக்குங்கால் வோல்ட்மானியையும் நோக்குவாராக. கணக்குப்படி 1.23 வோல்ட் போதும்; முள்ளோ அதனைக் கடந்தே நிற்கும். அவ்வேறுபாட்டைக் குறைப்பதே இன்றைய ஆராய்ச்சியின் பெரும்பணி. அப்பணிக்கு நம் மாணவரும் உரியவராதல் வேண்டும்.