ஏரி இயற்கையா, செயற்கையா? குழந்தைகளுக்கு நிலத்தைச் சொல்லிக் கொடுப்பது எப்படி?

மலை, ஆறு, கடல் எல்லாம் இயற்கை. பாலம், அணை, ரோடு எல்லாம் மனிதன் உருவாக்கியது. இதைக் கடகடவென ஒப்பிக்கும் குழந்தையிடம், "ஏரி எதுல வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். "இயற்கை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால், செம்பரம்பாக்கம் ஏரி மனிதர்கள் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கியதால் உருவானது. ஊட்டி ஏரி 1820-களில் ஜான் சல்லிவன் காலத்திலும், கொடைக்கானல் ஏரி 1863-லும் உருவாக்கப்பட்டவை.

எப்படித் தொடங்கலாம்?

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு வரையறை எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்: "மனுஷங்களே இல்லைன்னா, இது இங்க இருந்திருக்குமா?"

சென்னையில் பஸ்ஸில் போகும்போது அடையாற்றைக் காட்டிக் கேளுங்கள். இருந்திருக்கும். பக்கிங்காம் கால்வாய்? இருந்திருக்காது. அது 19-ம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டது. "ரெண்டுலயும் தண்ணிதானே இருக்கு?" என்று குழந்தை குழம்பினால் நல்லதுதான். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உருவான விதம் வேறு என்பது அங்கேதான் புரியும்.

ஏரிக்குப் போனால் தண்ணீரை மட்டும் காட்டாதீர்கள். கரை, மதகு, உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் ஆகியவற்றையும் காட்டுங்கள். மனிதன் கை பட்ட இடங்கள் அவைதான்.

ரெண்டும் கலந்தது உண்டா?

உண்டு. மெரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மணலைக் கொண்டுவந்தது கடல். ஆனால், 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகுதான் அந்த மணல் தெற்குப் பக்கம் தேங்கி, கடற்கரை இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் போக வேண்டிய மணல் குறைந்ததால், அங்கே கடல் அரிப்பு ஏற்பட்டது.

இது ஏன் முக்கியம்?

2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் வீடுகள் மூழ்கியதை மறக்க முடியாது. வெள்ளம் வந்தால் ஆறு பரவுவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தில் கட்டடம் வந்தாலும் தண்ணீர் அங்கேதான் வரும். 2022-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் இயற்கையானதுதான். மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும் அந்த இடத்தை 'சும்மா கிடக்குற நிலம்' என்று நினைத்ததால்தான் அதன் பெரும்பகுதியை இழந்தோம்.

வீட்டிலேயே செய்யலாம்

வீட்டிலிருந்து ஸ்கூல் வரை உள்ள வழியைக் குழந்தையையே வரையச் சொல்லுங்கள். இயற்கையானதுக்குப் பச்சை, மனிதன் உருவாக்கியதுக்குச் சிவப்பு, கலந்ததுக்கு இரண்டு நிறமும். தப்பாக இருந்தால் உடனே திருத்தாமல், ஏன் அந்த நிறம் என்று கேளுங்கள்.

அடுத்த மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும்போது, "இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று குழந்தை கேட்டால், பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.