எலி மருந்தின் பெயரை அறிந்து வாங்குக

எலி மருந்து வாங்கச் செல்பவர் அதன் விலையை விசாரிக்கிறார். அதிலுள்ள விஷம் இன்னதென்று விசாரிப்பதில்லை. நசரத்பேட்டைக்குச் சமீபத்திலுள்ள குன்றத்தூரில், 2024ம் வருஷம் நவம்பர் மாதத்தில், ஒரு வீட்டில் எலிகளை ஒழிக்க மருந்து வைக்கப்பட்டது. வீட்டார் குளிர்சாதன இயந்திரத்தை ஓடவிட்டு உறங்கினர். குழந்தைகள் இருவர் மாண்டனர். பெற்றோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். மருந்தை எவரும் உண்ணவில்லை. அதன் நெடியைச் சுவாசித்ததே காரணமென்று கூறப்பட்டது.

உண்ணாத விஷமும் கொல்லுமோ எனில், கொல்லும். நெல் கிடங்குகளில் புகையூட்ட உபயோகிக்கும் அலுமினியம் பாஸ்பைடு வில்லைகள், காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. வெள்ளைப்பூண்டு அல்லது அழுகிய மீனின் நாற்றம் வீசலாம். நாற்றமில்லையென்று அசட்டையாயிருத்தல் கூடாது. இவ்விஷத்திற்கு மாற்று மருந்தும் இல்லை. ஆதலின் சங்கக் கிடங்கில் மீந்த வில்லைகளை வீட்டு எலிகளுக்கென்று எவர் கேட்பினும் கொடுக்கலாகாது. இத்தகைய நெடி தட்டுப்பட்டால் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை வேறு வகை. தமிழ்நாட்டில் அதன் விற்பனை தடுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் பழைய குழாய் பரண்மீது கிடக்கலாம், குழந்தை அதைப் பற்பசையென்று எண்ணலாம். இதன் வஞ்சகம் யாதெனில், முதலில் உண்டாகும் வாந்தியும் வயிற்று வலியும் தணிந்து, நோயாளி ஓரிரு நாள் சுகமாயிருப்பதுபோல் தோன்றுவார். உறவினர் பிழைத்துவிட்டதென்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். பின்னரே காமாலை கண்டு ஈரல் கெடுகிறது. வைத்தியர் அனுப்பும்வரை ஆஸ்பத்திரியை விட்டு வருதல் தகாது.

விஷம் முறியப் பால் புகட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாஸ்பரஸ் கொழுப்பில் கரைந்து உடலில் எளிதில் ஏறுமாதலால், பால், நெய், விளக்கெண்ணெய் எதுவும் கொடுக்கலாகாது. பலவந்தமாய் வாந்தி எடுக்கச் செய்வதும் தவறு. 108க்குத் தெரிவித்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

போகும்போது மருந்தின் உறையையும் கொண்டுபோதல் அவசியம். புரோமடையலோன் கலந்த வில்லைகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அவற்றிற்கு வைட்டமின் கே என்னும் மாற்று உண்டு. எந்த விஷமென்று தெரியாவிடில் வைத்தியருக்கு நேரம் வீணாகும். உறையில்லாமல் காகிதத்தில் மடித்து விற்கும் பொடியை, எவ்வளவு மலிவாயினும், அங்கத்தினர்கள் வாங்க வேண்டாம்.