கட்டியை எடுத்த பின்னும் கதிர்ச்சிகிச்சை ஏன்?

"கட்டியைத்தான் முழுதாக வெட்டி எடுத்துவிட்டார்களே, பிறகு எதற்குக் கரண்ட்?" மூளையில் சத்திரசிகிச்சை முடிந்த ஒருவரின் வீட்டார் இப்படிக் கேட்பது இயல்பு. தோட்டத்தில் கோரை பிடுங்கிய நமக்கு இதன் விடை விளங்காததல்ல. மேலே புல் போய்விடும். மண்ணுக்குள் அறுந்து நின்ற கிழங்கு அடுத்த மழைக்கு முளைக்கும்.

சுவாசப்பை, மார்பு போன்ற இடங்களில் தொடங்கும் புற்றுநோய் சிலருக்கு மூளைக்கும் பரவிக் கட்டியாக வளர்கிறது. அப்படி ஒரேயொரு கட்டி இருந்து, அது முழுமையாக அகற்றப்பட்ட 95 நோயாளரை அமெரிக்க வைத்தியர் றோய் பச்செலும் அவருடன் பணியாற்றியோரும் இரு பகுதியாக்கிக் கவனித்து, முடிவை 1998இல் வெளியிட்டனர். ஒரு பகுதியினருக்கு ஐந்தரைக் கிழமையளவாக முழு மூளைக்கும் கதிர் செலுத்தப்பட்டது. மற்றப் பகுதியினருக்கு இல்லை. கதிர் பெறாதவர்களில் 100க்கு 70 பேருக்கு மூளையில் நோய் திரும்பியது. பெற்றவர்களில் 100க்கு 18 பேருக்கே திரும்பியது.

கத்திக்குத் தப்பிய கலங்களின் மரபுப்பொருளைக் கதிர் சிதைக்கிறது. அவை இரண்டாகப் பிரிய முயலும்போது மடிகின்றன. நல்ல கலங்களும் அடிபடும். ஆனால் தம்மைத் திருத்திக்கொள்ளும் வல்லமை அவற்றுக்குக் கூட. அதற்கு அவகாசம் வேண்டியே மொத்த அளவையும் சிறு பங்குகளாக்கி, நாள்தோறும் கொடுக்கிறார்கள். பயணச் செலவுக்கு வழியில்லை என்று இடையில் நிறுத்தினால், நோய்க் கலங்களுக்கே அவகாசம் கொடுத்தவர்களாவோம்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. அந்த ஆய்வில் இரு பகுதியினரும் உயிர்வாழ்ந்த காலத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. மூளையில் வந்த நோயால் இறந்தோர் தொகையே குறைந்தது. முழு மூளைக்கும் கதிர் பட்டால் ஞாபகமும் மங்கலாம். 2017இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்றில், ஆறு மாதத்தில் ஞாபகமும் சிந்தனைத் திறனும் குறைந்தவர்கள் இப்பிரிவில் 100க்கு 85 பேர். கட்டி இருந்த குழிக்கு மட்டும் கதிரைக் குவித்துப் பெற்றவர்களில் 52 பேர். ஆயுளில் வேறுபாடில்லை. ஆயினும் குவித்துக் கொடுத்தவர்களுக்கு மூளையில் நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. ஆகவே அவர்கள் தவணைக்குத் தவணை ஸ்கான் எடுத்தே ஆகவேண்டும்.

"முழு மூளைக்கா, அந்த இடத்துக்கு மட்டுமா?" என்று வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். கிளினிக் கொப்பியையும் ஸ்கான் படங்களையும் இடம்மாறும்போது விட்டுவிடாதீர்கள். ஒருமுறை கதிர் பட்ட இடத்துக்கு மறுபடியும் அதே அளவைக் கொடுப்பது ஆபத்து. எங்கே, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை அடுத்த வைத்தியர் அந்தக் கடதாசிகளிலிருந்துதான் அறிவார்.