கர்ப்பம்னு தெரிஞ்சதும் தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

"நல்ல சேதி டாக்டர்! நாள் தள்ளிப்போய் பத்து நாளாச்சு. மருமக உண்டாகியிருக்கா!"

"ரொம்ப சந்தோஷம்மா. தைராய்டு மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறாளா?"

"அதையெல்லாம் அன்னிக்கே நிறுத்திட்டோம். வயித்துல குழந்தை இருக்கறப்போ மாத்திரை போட்டா சூடில்லையா?"

மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால், கர்ப்பம் தெரிந்ததும் நிறுத்தவே கூடாத மாத்திரைகளில் இதுவும் ஒன்று. காரணம், வயிற்றில் வளரும் குழந்தையின் மூளை.

கடன் வாங்கும் குழந்தை

கழுத்தின் முன்புறம், வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல இருப்பது தைராய்டு சுரப்பி. இதில் சுரக்கும் தைராக்ஸின் இருந்தால்தான் குழந்தையின் மூளைச் செல்கள் சரியாகப் பெருகும். அதனதன் இடத்துக்குப் போய்ச் சேரும். ஒன்றோடொன்று இணைப்பு போட்டுக்கொள்ளும்.

ஆனால், இந்த வேலை ஆரம்பிக்கும்போது குழந்தையின் சொந்தத் தைராய்டு தயாராகியிருக்காது. சுமார் 12-வது வாரத்தில்தான் அது சுரக்கத் தொடங்கும். ஓரளவு சொந்தக் காலில் நிற்க 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை அம்மாவிடம்தான் கடன்! அம்மாவின் டப்பாவே காலியாக இருந்தால்?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கர்ப்பிணிகளிடம் எடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்து, தைராய்டு குறைவாக இருந்தவர்களின் குழந்தைகளை 7 முதல் 9 வயதில் பரிசோதித்தார்கள். 1999-ல் முடிவு வெளியானது. கர்ப்பத்தின்போது சிகிச்சை பெறாத தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஐ.க்யூ. சராசரியாக 7 புள்ளிகள் குறைவு. அவர்களில் 19 சதவிகிதம் பேர் 85 அல்லது அதற்குக் கீழே. மற்ற குழந்தைகளில் இது 5 சதவிகிதம்தான்.

உடனே பயந்துவிடாதீர்கள். லேசான குறைபாடு என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில் (2012, 2017) குழந்தைகளின் ஐ.க்யூ.வில் வித்தியாசம் தெரியவில்லை. குறைபாடு அதிகமாக இருந்து, அதைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

இதில் ஒரு சங்கடம்... அசதி, தூக்கம், மலச்சிக்கல், எடை கூடுவது எல்லாம் தைராய்டு குறைவிலும் வரும். சாதாரணக் கர்ப்பத்திலும் வரும். 'மசக்கைதானே' என்று விட்டுவிடுவோம். ரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

என்ன செய்யவேண்டும்?

* முதல் செக்கப்பிலேயே டி.எஸ்.ஹெச். பரிசோதனை பற்றிக் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு, முன்பு கருச்சிதைவு, கழுத்தில் வீக்கம் இருந்தால் அவசியம் செய்துகொள்ளவேண்டும்.

* ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவரா? கர்ப்பம் உறுதியானதுமே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் 25, 30 சதவிகிதம் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். முதல் பாதிக் கர்ப்பத்தில் நாலு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை தேவை.

* காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு சாப்பிடுங்கள். காபி, டிபன் எல்லாம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

* பலர் தவறுவது இங்கேதான்: இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைக் கூடவே சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். அவை தைராக்ஸினை உடம்பில் சேரவிடாது. நாலு மணி நேர இடைவெளி கொடுங்கள்.

* தைராக்ஸின் சுரக்க அயோடின் வேண்டும். இந்துப்பு, சாதாரணக் கல் உப்பு எல்லாவற்றிலும் அது போதுமான அளவு இருக்காது. பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதற்காக உப்பை அதிகமாகச் சேர்க்கக் கூடாது.

* குழந்தை பிறந்து 3 முதல் 5 நாட்களுக்குள் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் செய்யும் தைராய்டு பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். குழந்தைக்கே குறை இருந்தாலும், இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் மூளை நல்லபடியாக வளரும்.

அந்த மாமியாருக்கு டாக்டர் சொன்ன பதில் இதுதான்: "சூடெல்லாம் இல்லம்மா. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைத்தான் மாத்திரையாகக் கொடுக்கிறோம். அதில் ஒரு பங்கு உங்க பேரக்குழந்தைக்கு!"

பாட்டி கையாலேயே காலையில் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக் கொடுத்தால், அதைவிட நல்ல சீர் வேறென்ன?