சொல்லத் தகாத வியாதியா?

நமது ஜனங்கள் பேதியைப் பற்றித் தாராளமாகப் பேசுவார்கள். மலச்சிக்கலைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆனால், மலத்தை அடக்க முடியாமல் துணியிலேயே போய்விடுகிறது என்பதை மட்டும் கட்டிய மனைவியிடமும் சொல்லமாட்டார்கள். வைத்தியரிடம் போனாலும் பேதி என்றே சொல்கிறார்கள். அவரும் பேதிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

இது எங்கோ ஒருவருக்கு வரும் நோயன்று. பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2024-ல் வெளியான கணக்கு, வயது வந்தோரில் 100-க்குச் சுமார் 8 பேருக்கு இத்தொல்லை உண்டென்கிறது. 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடிச் சமதர்மத் தீர்மானம் நிறைவேற்றிய ஆவடியை எடுத்துக்கொள்வோம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் அங்கே சுமார் 3,46,000 பேர். வயது வந்தோர் 2,50,000 என்று வைத்துக்கொண்டால், அந்த விகிதத்தில் 20,000 பேருக்கு இது இருக்கவேண்டும்.

அத்தனை பேரும் எங்கே? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அல்லது வேறு காரணம் சொல்லி வேலையை விட்டிருப்பார்கள். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு ஓடும் மின்சார ரயிலில் கக்கூஸ் கிடையாது. பூந்தமல்லியில் பஸ் ஏறுகிறவர் கதியும் அதுவே. ஆகவே பட்டினியாகப் புறப்படுவோரும், கல்யாணம் கார்த்திகைக்கே போகாதிருப்போரும் உண்டு. கிழவிக்குப் பிடிவாதம் என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள்.

வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடுவது பெரும் பிழை. பிரசவத்தில் ஆசனவாய்த் தசை கிழிந்து, அதன் பலன் பல வருஷங்கள் கழித்து வெளிப்படும் ஸ்திரீகள் அநேகர். மூலத்துக்கும் பௌத்திரத்துக்கும் செய்யும் ரண சிகிச்சையிலும் அத்தசை கெடலாம். சுவரெல்லாம் விளம்பரம் எழுதும் போலி வைத்தியர்களிடம் போவோருக்கு இந்த அபாயம் அதிகம். நீரிழிவு நரம்புகளைக் கெடுக்கிறது. அதற்குக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரையே சிலருக்குக் கழிச்சலை உண்டாக்குகிறது. முதியோரிடம் காண்பது இன்னும் விசித்திரம். இறுகிய மலம் உள்ளே அடைத்துக்கொள்ள, அதைச் சுற்றி நீர்மலம் கசிகிறது. அதைப் பேதியென்று எண்ணிக் கட்டும் மருந்து கொடுத்தால் அடைப்புத்தான் பலப்படும். நோயாளி கூசாமல் உள்ளதைச் சொன்னாலொழிய வைத்தியர் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வது கடினம். சொல்லிவிட்டாலோ, ஆகார மாற்றம், மாத்திரையின் அளவு, தசைக்கான பயிற்சி இவற்றாலேயே பலருக்குக் குணம் தெரிகிறது.

மலத்தைப் பற்றிய பேச்சை இழிவாகக் கருதாதவர் மகாத்மா காந்தி. 1901-ல் கல்கத்தா காங்கிரஸில் துடைப்பம் எடுத்துக் கக்கூஸைத் தாமே சுத்தம் செய்தவர் அவர். அவர் பெயரைச் சொல்லும் நாட்டில் நோயாளிக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

நோயாளி தாமாக வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை, நாம்தான் கேட்கவேண்டும். கேட்பதற்கு ஆளும் இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். படுக்கையில் கிடப்போருக்குத் தசைப் பயிற்சி அளிப்போரும் அதில் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளுடன், "அவசரத்துக்குப் போய்ச் சேருமுன் எப்போதாவது துணியில் பட்டுவிடுகிறதா?" என்ற ஒன்றையும் சர்க்கார் சேர்க்கவேண்டும். புதிய ஆஸ்பத்திரி வேண்டாம். பெரிய செலவும் இல்லை. அதைத் தெருவாசலில் நின்று கேட்கலாகாது. ஸ்திரீகளை ஸ்திரீகளே, பிள்ளையும் மருமகளும் அருகில் இல்லாத வேளையில் கேட்கவேண்டும்.