ஸ்குரூ டிரைவர்: மலிவானதா, விலை உயர்ந்ததா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் யு.பி.எஸ்., பிரிண்டர், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றையும் நாலு பேரிடம் விசாரித்து வாங்குகிறார்கள். ஸ்குரூ டிரைவரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டில்தான் டெஸ்டர் இருக்கிறதே, அது போதாதா என்று நினைக்கிறார்கள். சென்ற ஆண்டு வரை நானும் இதில் அக்கறை காட்டியதில்லை.

என் மகளின் லேப்டாப் ஒரு நாள் மாலை திடீரென்று உயிரை விட்டது. அவளுடைய கல்லூரி புராஜெக்ட் முழுவதும் அதிலிருந்த எஸ்.எஸ்.டி.யில். வேறு காப்பி கிடையாது. இரண்டு நாளில் ஒப்படைக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்தால் ஃபைல்களை எடுத்துவிடலாம் என்று அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, முன்பு 150 ரூபாய்க்கு வாங்கிய ஸ்குரூ டிரைவர் செட்டை எடுத்தேன். அதில் 30 முனைகள்!

லேப்டாப்பின் அடிமூடியில் 10 ஸ்குரூ. ஒன்பது கழன்றன. பத்தாவதில் முனை வழுக்கியது. விடாமல் திருப்பினேன். ஸ்குரூவின் தலையில் இருந்த கூட்டல் குறி தேய்ந்து வட்டக் குழியாகிவிட்டது. மகள் அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் சர்வீஸ் கடைக்காரர் அந்த ஸ்குரூவின் தலையை டிரில் செய்து எடுத்தார். "ஸ்குரூ மேல தப்பு இல்ல சார். உங்க முனையைப் பாருங்க" என்று லென்ஸைக் கொடுத்தார். முனையின் நான்கு விளிம்புகளும் மழுங்கியிருந்தன. ஃபைல்கள் கிடைத்தன. அவர் வாங்கிய கூலி 400 ரூபாய். 150 ரூபாய் செட் எனக்கு 550 ரூபாய் ஆனது!

ஏன் வழுக்குகிறது?

கூட்டல் குறி போன்ற ஸ்குரூவுக்கு பிலிப்ஸ் என்று பெயர். அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1936ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதன் குழி அடிப்பக்கம் நோக்கிச் சரிந்து குறுகும். எனவே திருப்பும்போது முனை தானாகவே மேலே எழும்பப் பார்க்கும். முனை குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்து, நாமும் அழுத்திப் பிடித்தால் எழும்பாது. முனை சற்றுச் சிறியதாகவோ மழுங்கியோ இருந்தால் எழும்பி, குழியின் ஓரத்தைச் சுரண்டிவிடும். இரண்டு முறை சுரண்டினால் ஸ்குரூ போயிற்று.

விலை எதற்கு?

மலிவான செட்டில் முனையின் எஃகு மென்மையாக இருக்கும். அளவும் துல்லியமாக இராது. நல்ல கருவியில் குரோம் வனேடியம் அல்லது எஸ்2 எனப்படும் கடினமான எஃகைச் சரியான பதத்தில் சூடாக்கிக் குளிர்வித்து, முனையைத் துல்லியமாகக் கடைந்திருப்பார்கள். பணம் அதற்குத்தான். குரோம் வனேடியம் என்று தண்டில் பொறித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த எழுத்துகளை யாரும் பொறிக்கலாம்.

அப்படியானால் ஜெர்மனியின் வேரா, வீஹா போன்ற விலை உயர்ந்த கருவிகளைத்தான் வாங்க வேண்டுமா? தினமும் பத்து லேப்டாப் திறப்பவருக்கு அவை லாபம். வருடத்தில் நாலைந்து முறை கேபினட்டைத் திறக்கும் நமக்குத் தேவையில்லை. நம் நாட்டுத் தாப்பரியா போன்ற பெயர் பெற்ற நிறுவனங்களின் நடுத்தர விலைக் கருவியே போதும்.

எதை வாங்கலாம்?

நான் இப்போது பின்பற்றும் வழி இதுதான். அடிக்கடி பயன்படும் அளவுகளை மட்டும் தனித்தனியாக, நல்லதாக வாங்குங்கள். எப்போதாவது தேவைப்படுவதற்கு மலிவான செட் இருக்கட்டும்.

டெஸ்க்டாப் கேபினட், மதர்போர்ட், ஹார்ட் டிஸ்க் ஸ்குரூக்களில் பெரும்பாலானவற்றுக்கு பிலிப்ஸ் 2ம் எண் பொருந்தும். தண்டு 10 செ.மீ.யாவது இருந்தால் கேபினட்டின் உள்ளே எட்டும். லேப்டாப் அடிமூடிக்குப் பெரும்பாலும் 0 அல்லது 1ம் எண். இந்த மூன்றும் நல்லதாக இருந்தால் போதும்.

கடையில் "ஸ்டார்" என்று கேட்டால் பிலிப்ஸைத்தான் கொடுப்பார்கள். உண்மையில் ஆறு முனை நட்சத்திரம் போன்ற ஸ்குரூவும் உண்டு. அதன் பெயர் டார்க்ஸ். சில லேப்டாப்களில் டி5, டி8 போன்ற அளவுகளில் வரும். ஆப்பிள் மேக்புக்கின் அடிமூடியில் ஐந்து இதழ் பூ போன்ற பென்டலோப் ஸ்குரூ இருக்கும். இவற்றுக்கு மலிவான செட் முனையைப் பயன்படுத்தலாம். அது அடிக்கடி கைக்கு வர ஆரம்பித்தால், அந்த அளவை மட்டும் நல்லதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கடையிலேயே சோதனை

வாங்கப் போகும்போது உங்கள் கேபினட் ஸ்குரூ ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முனையை அதில் செருகி லேசாக அசையுங்கள். கடகடவென்று ஆடினால் வேண்டாம். நான்கு விளிம்புகளும் ஒரே மாதிரி, கூர்மையாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி மேஜையில் தண்டை உருட்டினால் வளைவு இருப்பது தெரிந்துவிடும்.

காந்த முனை ஹார்ட் டிஸ்க்கைக் கெடுத்துவிடுமா என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தச் சிறு காந்தத்தால் பாதிப்பு வராது. ஸ்குரூ மதர்போர்டில் விழாமல் பிடித்துக்கொள்வதால் காந்த முனையே வசதி.

பயன்படுத்தும்போது

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். லேப்டாப் என்றால் அடிமூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். திருப்புவதைவிட அழுத்துவதில் அதிக பலம் கொடுங்கள். முனை ஒரு முறை வழுக்கினாலே நிறுத்திவிடுங்கள். அளவு சரிதானா என்று பார்த்து மாற்றுங்கள். தலை தேயத் தொடங்கியிருந்தால் அகலமான ரப்பர் பேண்டை இடையில் வைத்து அழுத்தித் திருப்பிப் பார்க்கலாம்.

திரும்ப மாட்டும்போது ஸ்குரூவை முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். 'டிக்' என்று மறையில் இறங்குவது கைக்குத் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம் திருப்பினால் மறை கெடாது. எந்த ஸ்குரூ டிரைவர் இருந்தாலும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

அந்த 30 முனை செட் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் மூன்று நல்ல ஸ்குரூ டிரைவர்கள் சேர்ந்துவிட்டன. இன்னொரு பழக்கமும் வீட்டுக்கு வந்தது: மகள் இப்போது ஞாயிறுதோறும் தன் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து வைக்கிறாள்.